"எனக்குப் பாதிப்பு இல்லை, மற்றவர்களுக்குத்தான்": இந்த சர்வே முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இறுதியாண்டு_மாணவி எழுதியது:

வணக்கம். முதுகலை தகவல்தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வாட்ஸ்அப்பில் சுற்றும் உடல்நல ஃபார்வர்டுகளைப் பற்றி இளைஞர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் ஆய்வேடு. சர்வே முடிந்து கணக்கும் போட்டாகிவிட்டது. கைடுக்குத் திருப்தி. எனக்குத்தான் ஓரிடத்தில் உறுத்துகிறது.

கல்லூரி மாணவர்களுக்கு அனுப்பிய கூகுள் ஃபார்மில் ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டிருந்தேன். "இப்படிப்பட்ட செய்திகள் உங்களை எந்த அளவு பாதிக்கின்றன?" அடுத்து உங்கள் நண்பர்களை, அடுத்து உங்கள் பெற்றோர் வயதினரை, கடைசியாகப் பொதுமக்களை. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். தனக்கு மிகக் குறைவு, நண்பர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், பெற்றோருக்கு இன்னும் கூடுதல், பொதுமக்களுக்கு உச்சம் என்று வரிசையாக ஏறியிருக்கிறது. டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளின் வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் சோதனை) எல்லா ஜோடிக்கும் தேறிவிட்டது. ஊடகச் செய்தி தன்னைவிட மற்றவர்களையே அதிகம் பாதிக்கும் என்று நினைப்பது, மூன்றாம் நபர் விளைவு என்று வகுப்பில் படித்தது அச்சு அசலாக வந்திருக்கிறது.

உறுத்தல் எங்கே என்றால், ஃபார்மை நிரப்பிய தோழி ஒருத்தி, "எனக்கு ஒண்ணுதான் போட்டேன்" என்று அவளாகவே சொன்னாள். வேறொரு நாள் வேறு ஏதோ பேச்சில், தூங்கும்போது போனைத் தலைமாட்டில் வைப்பதை விட்டுவிட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். கதிர்வீச்சு பற்றி ஒரு வீடியோ வந்ததாம். "நம்பல்லாம் இல்ல, ஆனா எதுக்கு வம்பு?" என்றாள். அன்றிலிருந்து அவள் போன் மேசை மேல்தான் தூங்குகிறது.

அவள் போட்ட ஒன்று பொய் இல்லை. பொய் சொல்கிற ஆளும் இல்லை அவள். போனை இடம் மாற்றியது "பாதிப்பு" என்ற கணக்கிலேயே அவளுக்கு வரவில்லை. அப்படியானால் என் ஃபார்மில் விழுந்திருக்கும் ஒன்றுகளில் எத்தனை இந்த ரகம்? இது தெரியாமல் "இளைஞர்கள் தங்களைப் பாதிக்கப்படாதவர்களாகக் கருதுகிறார்கள்" என்று நான் எழுதினால், அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள்?

"ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கடைசியில் ஒரு பெட்டியும் வைத்திருந்தேன். "நான் யோசிச்சுத்தான் நம்புவேன்", "படிச்சவங்களுக்கு இது தெரியும்", "வீட்ல பெரியவங்கதான் எல்லாத்தையும் நம்புவாங்க." அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஒரு வரி எழுதவில்லை. தினமும் எவ்வளவு நேரம் வாட்ஸ்அப் பார்க்கிறீர்கள் என்ற கேள்வியில், அரை மணிக்குள் தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் வரை கட்டங்கள் கொடுத்திருந்தேன். பெரும்பாலோர் நடுக் கட்டத்தில் போய் நின்றிருக்கிறார்கள்.

நேர்காணல் சேர்க்கட்டுமா என்று கைடிடம் கேட்டேன். எண் கையில் இருக்கும்போது கதை எதற்கு என்கிறார். சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருக்கிறது. சேர்த்தால் பலன் உண்டா? எத்தனை பேரிடம் பேசினால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நிற்கும்? முக்கியமாக, என்ன கேட்பது? "பாதிக்கிறதா" என்று மறுபடியும் வாயால் கேட்டால் மறுபடியும் அதே ஒன்றுதானே வரும்?

---

அளவுகோல் எழுதியது:

முதலில், கையில் இருக்கும் முடிவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1983-ல் டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற ஆய்வாளர் இந்த விளைவுக்குப் பெயர் வைத்ததிலிருந்து பல நாடுகளில், பல வகைச் செய்திகளில் இதே இடைவெளி வந்துகொண்டே இருக்கிறது. கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேட்டும் பெரும்பாலும் நின்றிருக்கிறது. உங்களுக்கு வரிசையாக ஏறிய மாதிரியே 1988-ல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடமும் ஏறியது. அவதூறுச் செய்தியைக் காட்டிவிட்டு, உங்களை, சக மாணவர்களை, கலிபோர்னியா மக்களை, பொதுக்கருத்தை இது எவ்வளவு பாதிக்கும் என்று கேட்டார்கள். ஆள் தள்ளிப் போகப் போகப் பாதிப்பு கூடியது.

ஆனால் அந்த இடைவெளி எதைச் சொல்லவில்லை என்பதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள். யாரோ தப்பாக நினைக்கிறார்கள் என்று அது நிரூபிப்பதில்லை. உங்கள் மாதிரியில் (சர்வேக்கு எடுத்த ஆட்களில்) இருப்பவர்கள் முழுக்கக் கல்லூரி மாணவர்கள். பொதுமக்களைவிடத் தாங்கள் குறைவாகப் பாதிக்கப்படுகிறோம் என்று அவர்கள் சொல்வது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். மக்கள்தொகை முழுவதும் "சராசரியைவிட நான் தேவலை" என்றால்தான் எங்கோ கணக்கு இடிக்கிறது என்று சொல்ல முடியும். ஒரு மூலையிலிருந்து எடுத்த மாதிரியை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு விளக்கமும் உண்டு. பெற்றோரை "எளிதில் ஏமாறுபவர்கள்" என்று நினைத்து மதிப்பெண் போட்டார்களா, "அவர்களுக்குத்தான் இந்த மாதிரிச் செய்தி நிறைய வருகிறது" என்று நினைத்துப் போட்டார்களா? 1999-ல் எவ்லண்டும் உடன் ஆய்ந்தவர்களும் எழுப்பிய கேள்வி இது. அந்தக் குழுவுக்கு இத்தகைய செய்தி எவ்வளவு போய்ச் சேரும் என்ற நம் ஊகம், அவர்கள் நமக்கு எவ்வளவு தூரத்துக்காரர்கள் என்பதைவிட நன்றாக இந்த மதிப்பீட்டை விளக்குகிறது என்று காட்டினார்கள். உங்கள் படிவத்தில் "இவர்களுக்கு எவ்வளவு வரும்?" என்ற கேள்வி இல்லை. நேர்காணல் செய்வதாக இருந்தால் அங்கே கேட்டுவிடுங்கள்.

கணக்கில் ஒரு திருத்தம். நாலு இலக்குக்கு ஆறு ஜோடி. ஆறு தனித்தனி டி-டெஸ்ட் போட்டால் தற்செயலாக ஒன்று தேறிவிடும் வாய்ப்பு கூடும். ஒரே ஆள் தந்த நாலு மதிப்பெண்களையும் சேர்த்து ஒரே சோதனையில் ஒப்பிடும் ரிப்பீட்டட் மெஷர்ஸ் அனோவா போட்டு, அப்புறம் ஜோடிகளைப் பான்ஃபெரோனி திருத்தத்தோடு (சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பை இறுக்குவது) பாருங்கள். நீங்கள் சொல்கிற அளவு இடைவெளி இருந்தால் முடிவு மாறாது. வைவாவில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

---

கரும்பலகை எழுதியது:

பல ஆண்டுகள் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் படிவத்தில் வந்த எல்லா எண்களையும்விட அந்தத் தோழியின் போன் மேசைக்குப் போனது எனக்குப் பெரிதாகப் படுகிறது. எண்கள் பிழை என்று சொல்லவில்லை. எண்கள் எதை அளந்தன என்று அந்தப் போன்தான் காட்டிக் கொடுக்கிறது.

"உங்களை எந்த அளவு பாதிக்கிறது" என்று கேட்கும்போது, கேட்கப்படுகிறவர் தன் நடத்தையை நினைத்துப் பார்ப்பதில்லை. தான் எப்படிப்பட்ட ஆள் என்று நினைத்துப் பார்க்கிறார். "ஏமாறாத ஆள்" என்ற விடை உடனே கைக்கு வருகிறது, அதைப் போட்டுவிடுகிறார். அதனால்தான் உங்கள் பெட்டியில் "நான் யோசிச்சுத்தான் நம்புவேன்" என்று ஒரே மாதிரி வாக்கியங்கள் விழுந்தன. ஒருவர் ஏன் அப்படி நடந்துகொண்டார் என்று கேட்டால், பெரும்பாலும் தனக்குள் எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை, பொதுவாக நியாயமாகப் படும் காரணத்தை எடுத்துச் சொல்கிறார் என்று 1977-லேயே உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் எழுதிவிட்டார்கள். ஊடக ஆய்வில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டிய கட்டுரை அது என்பது என் எண்ணம்.

நடுக் கட்டத்துக்கு வருவோம். 1985-ல் நார்பர்ட் ஷ்வார்ஸும் சகாக்களும் ஜெர்மனியில் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தைக் கேட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு உங்களுடையது மாதிரியே, அரை மணி வரை என்று தொடங்கி இரண்டரை மணிக்கு மேல் என்று முடியும் கட்டங்கள். இன்னொரு பாதிக்கு இரண்டரை மணி வரை என்று தொடங்கி நாலரை மணிக்கு மேல் வரை போகும் கட்டங்கள். இரண்டரை மணிக்கு மேல் பார்க்கிறோம் என்றவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாம் குழுவில் 37.5 சதவீதம். ஒரே ஊடகம், ஒரே கேள்வி. மாறியது கட்டங்கள் மட்டும். ஆராய்ச்சி செய்கிறவர் போட்ட கட்டத்தின் நடுதான் ஊர் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, தன்னை அதற்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் ஆட்கள் நடுவில் நின்றதற்கும் இது காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரக் கேள்வியை வைத்து எந்த ஒப்பீடும் செய்யாதீர்கள். போனின் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு செயலிக்கும் செலவான நேரம் தானாகப் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள், போதும்.

நினைவிலிருந்து வரும் நேரக் கணக்கு எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இன்னொன்று. 2009-ல் மார்க்கஸ் ப்ரையர், அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்ப்பதாக மக்கள் சர்வேயில் சொன்னதையும், பார்வையாளர் அளவீட்டுக் கருவிகள் பதிவு செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சொன்னது சராசரியாக மூன்று மடங்கு.  எவ்வளவு பார்த்தோம் என்பது நினைவில் சரியாக நிற்பதில்லை, ஊகித்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி: என்ன கேட்பது? பொதுவாக நடப்பதைக் கேட்காதீர்கள், கடைசியாக நடந்ததைக் கேளுங்கள். போனைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள். உடம்பு, மருந்து, சாப்பாடு பற்றிக் கடைசியாக வந்த ஒரு ஃபார்வர்டைத் தேடச் சொல்லுங்கள். யார் அனுப்பியது? எப்போது திறந்தீர்கள்? முழுவதும் பார்த்தீர்களா, பாதியில் விட்டீர்களா? பார்த்ததும் என்ன செய்தீர்கள்? யாரிடமாவது சொன்னீர்களா? அதற்குப் பிறகு ஏதாவது செய்வதை நிறுத்தினீர்களா, புதிதாகத் தொடங்கினீர்களா? இந்த வரிசையில் எங்கேயும் "நம்பினீர்களா" வரக்கூடாது. அந்தச் சொல் வந்த நொடியில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். உங்கள் தோழி உங்களிடம் போன் விஷயத்தைச் சொன்னது, நீங்கள் ஃபார்வர்டு பற்றிக் கேட்காததால்தான்.

இந்த வழி எனக்கு ஊடக ஆய்வாளர் பெரெல்சனின் ஆய்விலிருந்து கிடைத்தது. 1945-ல் நியூயார்க்கில் நாளிதழ் விநியோகம் செய்பவர்களின் வேலைநிறுத்தத்தால் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலோருக்குப் பத்திரிகை கிடைக்கவில்லை. அந்த நாட்களிலேயே மக்களிடம் போய்ப் பேசினார்கள். பத்திரிகை ஏன் வேண்டும் என்றால் உலக நடப்பு தெரிய வேண்டாமா என்றார்கள். சரி, இந்த நாட்களில் எந்தச் செய்தி தெரியாமல் தவித்தீர்கள் என்று அழுத்திக் கேட்டால், பலரால் ஒன்றைக்கூடக் குறிப்பிட்டுச் சொல்ல முடியவில்லை. மேலும் பேசப் பேசத்தான் வேறு விஷயங்கள் வந்தன. அன்றாடப் பழக்கம் அறுந்துபோனது, நாலு பேர் பேசும்போது சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது, கொஞ்ச நேரம் தன் கவலையிலிருந்து ஒதுங்க இடம் இல்லாமல் போனது. பத்திரிகை இருந்த நாளில் கேட்டிருந்தால் "உலக நடப்பு" என்ற முதல் விடையோடு ஆய்வு முடிந்திருக்கும்.

கைடு சொல்லும் "கதை எதற்கு" என்பதற்கு டேவிசனையே காட்டுங்கள். அவருடைய 1983 கட்டுரை ஒரு கதையில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் இவோ ஜிமா தீவில் கறுப்பினப் படைவீரர்களும் வெள்ளை அதிகாரிகளும் கொண்ட ஓர் அமெரிக்கப் பிரிவு. ஜப்பானியர்கள் விமானத்திலிருந்து துண்டறிக்கை வீசுகிறார்கள்: இது வெள்ளையர் போர், உங்களோடு எங்களுக்குப் பகை இல்லை, விட்டுப் போய்விடுங்கள். மறுநாள் அந்தப் பிரிவையே அங்கிருந்து விலக்கிக்கொள்கிறார்கள். வீரர்கள் மனம் மாறியதற்குச் சான்று எதுவும் இல்லை. அதிகாரிகள்தான் செயலில் இறங்கினார்கள், வீரர்கள் மனம் மாறிவிடுவார்கள் என்று எண்ணியதால். டேவிசன் சொல்ல வந்த விஷயத்தின் உயிர் அங்கே இருக்கிறது: மற்றவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற எண்ணம் நம்மை என்ன செய்ய வைக்கிறது? மாணவர் ஆய்வேடுகள் பெரும்பாலும் முதல் பாதியான இடைவெளியை அளந்துவிட்டு நின்றுவிடுகின்றன. உங்கள் ஆட்கள் பெற்றோரை நினைத்து என்ன செய்கிறார்கள்? குடும்பக் குழுவில் மறுத்து எழுதுகிறார்களா, பேசாமல் இருக்கிறார்களா, அப்பாவின் போனை வாங்கி அழித்துவிடுகிறார்களா? இதைக் கேளுங்கள். மூன்றாம் நபர் விளைவின் இரண்டாம் பாதி அங்கேதான் கிடைக்கும்.

எத்தனை பேர் என்று பயப்படாதீர்கள். இயன் ஆங் ஒரு பெண்கள் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, தனக்கு வந்த 42 கடிதங்களை வைத்து, மக்கள் ஒரு தொலைக்காட்சித் தொடரை ஏன் ரசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். இன்றும் பாடமாக இருக்கிறது. டேவிட் மோர்லி 1980-களில் தெற்கு லண்டனில் 18 குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே சந்தித்துப் பேசினார். வீட்டில் ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது வரை அந்தப் பேச்சில் வந்தது. உங்கள் சர்வே பரப்பைத் தருகிறது. பத்துப் பன்னிரண்டு நல்ல பேச்சு அதற்கு ஆழம் தரும். தனக்கு ஒன்று போட்டவர்களிலிருந்தே பெரும்பகுதியை எடுங்கள்.

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

நான் ஆய்வாளன் இல்லை. இந்தப் பக்கம் வந்து படிக்கிறவன் மட்டும். ஆனால் உங்கள் படிவத்தில் "பொதுமக்கள்" என்று ஐந்து மதிப்பெண் வாங்கியிருப்பவன் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

நான் நிறைய ஃபார்வர்டு செய்கிறேன். எல்லாவற்றையும் நம்பி அனுப்புகிறேனா என்றால் இல்லை. என் அக்காவுக்குச் சர்க்கரை நோய். அதைப் பற்றி எது வந்தாலும் அவளுக்கு அனுப்புவேன். அனுப்பும்போது இது உண்மையா பொய்யா என்ற கேள்வி மனதில் முன்னால் நிற்பதில்லை. ஒருவேளை உண்மையாக இருந்து, எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்றாகிவிடக் கூடாது என்பதுதான் நிற்கிறது. ராத்திரி வேலை என்பதால் மற்றவர்கள் தூங்கும்போது நான் விழித்திருப்பேன், அவர்கள் விழிக்கும்போது தூங்குவேன். பேச நேரம் பொருந்துவதில்லை. அவளும் படிக்கிறாளோ இல்லையோ, காலையில் ஒரு கும்பிடு போட்ட படம் திருப்பி அனுப்புவாள். உன் நினைப்பில் நான் இருக்கிறேன், என் நினைப்பில் நீ இருக்கிறாய் என்று அதற்கு அர்த்தம்.

அவள் மாத்திரையை நிறுத்தும்படி எதுவும் வந்தால் அனுப்ப மாட்டேன். அது எனக்குத் தெரியும். எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்று எனக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. உங்கள் வயதுப் பிள்ளைகள் குழுவில் வந்து, இது பொய், இதை ஏன் அனுப்புகிறீர்கள் என்று ஒரு சுட்டியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் சொன்னது வேறு, அவர்கள் திருத்துவது வேறு.

நீங்கள் இளைஞர்களிடம் மட்டும் பேசப்போகிறீர்கள் என்று தெரிகிறது. முடிந்தால் அனுப்புகிறவர்களிடமும் பேசுங்கள்.

---

இறுதியாண்டு_மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ராத்திரி ஷிஃப்ட் அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் படிவத்தில் "பாதிப்பு" என்று ஒரே ஒரு அளவுதான் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அக்கறைக்கு அதில் கட்டமே இல்லை. உங்கள் வரிகளை ஆய்வேட்டில் எடுத்தாளலாமா? பெயர், அடையாளம் எதுவும் வராது.

அளவுகோல், கணக்கை நீங்கள் சொன்னபடி மறுபடி போட்டுவிட்டேன். முடிவு நிற்கிறது.

கரும்பலகை மேடம், கைடிடம் இவோ ஜிமாவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், தனி இயலாக வைத்துக்கொள் என்றார். எனக்கு அது போதும். இரண்டு சந்தேகம் மட்டும். ஒன்று, தோழி என்னிடம் சொன்னது நட்பில் சொன்னது. நேர்காணல் என்று தெரிந்து சொன்னதில்லை. அதைப் பயன்படுத்தலாமா? இரண்டு, போனைத் திறந்து காட்டச் சொன்னால் மற்றவர்கள் அனுப்பிய செய்தியும் என் கண்ணில் படுமே. அவர்கள் யாரும் எனக்கு ஒப்புதல் தரவில்லையே.

தொடக்கக் கேள்விகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

"உடல்நலம் பற்றி உங்களுக்குக் கடைசியாக வந்த ஒரு ஃபார்வர்டைத் தேடி எடுங்கள். அதில் என்ன இருந்தது, யாரிடமிருந்து வந்தது என்று சொல்லுங்கள்."

"அதைத் திறந்து பார்க்க ஏன் தோன்றியது?"

"உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இது வந்திருந்தால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள்?"

---

ராத்திரி_ஷிஃப்ட் எழுதியது:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. அக்கா, சர்க்கரை நோய் என்பதை மட்டும் "நெருங்கிய உறவு", "நீண்டகால நோய்" என்று மாற்றிவிடுங்கள்.

---

கரும்பலகை எழுதியது:

பாருங்கள், ஒப்புதல் என்பது எப்படி நடக்க வேண்டும் என்று அவரே காட்டிவிட்டார். எது வரலாம், எது வேறு மாதிரி வர வேண்டும் என்று சொன்னவரே தீர்மானிக்கிறார். தோழியிடமும் அதையே செய்யுங்கள். நீ அன்றைக்குச் சொன்னது என் ஆய்வுக்கு உதவும், எழுதலாமா என்று நேராகக் கேளுங்கள். எழுதியதை அவளிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் ஒரு வரிகூட வரக்கூடாது, "ஒரு தோழி" என்ற பெயரிலும் கூடாது. அவள் மறுத்தாலும் உங்களுக்கு இழப்பு இல்லை. எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டது, எட்டுப் பேரில் இன்னொரு போன் கண்டிப்பாக இருக்கும்.

போனை நீங்கள் பார்க்கவே வேண்டாம். எதிரில் உட்காருங்கள், பக்கத்தில் உட்காராதீர்கள். அவர் பார்த்து அவர் வாயால் சொல்லட்டும். சொல்லும்போது எதை விடுகிறார், எதை விரிக்கிறார், எங்கே சிரிக்கிறார் என்பதும் உங்களுக்குத் தரவு. அனுப்பியவரின் பெயர் வேண்டாம், உறவு மட்டும் போதும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வாய் தவறிப் பெயர் வந்தால் எழுத்தாக்கும்போது எடுத்துவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் கேட்காதீர்கள். கல்வி நிறுவனத்தின் ஒப்புதல் படிவத்தில் இந்த நேர்காணலையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்விகளில் முதலாவது நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் "என்ன செய்திருப்பார்கள்" என்பது ஊகம் கேட்கிறது, அதற்கு உங்கள் சர்வேயே இருக்கிறது. "வீட்டில் வேறு யாருக்காவது இது வந்ததா? அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நடந்ததைக் கேளுங்கள். இரண்டாவதில் "ஏன்" வேண்டாம், அங்கேதான் மறுபடியும் "நான் யோசிச்சுத்தான்" வந்து நிற்கும். "அது வந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? திறந்ததும் அடுத்து என்ன செய்தீர்கள்?" என்று போடுங்கள். முதல் பேச்சை உங்கள் வகுப்பிலேயே ஒருவரிடம் முன்னோட்டமாக நடத்திப் பார்த்துவிட்டு, எங்கே அவர் ஒற்றை வரியில் முடித்துக்கொண்டார் என்று இங்கே எழுதுங்கள். அந்த இடத்தை மட்டும் மாற்றலாம்.